எந்த விலையை நம்பிக் கடன் கொடுப்பது?

காட்டுப்பாக்கத்தில் மவுன்ட்–பூந்தமல்லி சாலையோரம் நகைக்கடன் கொடுக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. வங்கிக் கிளை, நிதி நிறுவனம், பழைய அடகுக்கடை என்று எதில் நுழைந்தாலும் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கும். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் இழுப்பார். விழுந்த கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் வைத்து நிறம் நிற்கிறதா என்று பார்ப்பார். தராசில் வைத்து எடை போடுவார். கல்லுக்கும் அரக்குக்கும் இவ்வளவு என்று கழிப்பார். எதிரே நிற்பவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "கிராமுக்கு எவ்வளவு தர்றீங்க?"

அந்தக் கேள்விக்கு வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் கிடைக்கும் பதிலுக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று இருக்கிறது. தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன்களுக்காக 2025 ஜூன் 6 அன்று வெளியான ஆணையில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கடந்த 30 நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். முந்தைய நாளின் முடிவு விலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் நகையின் மதிப்பு. அந்த விலையையும் கடன் கொடுப்பவர் தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. தங்க வணிகர்களின் அகில இந்திய அமைப்பான ஐ.பி.ஜே.ஏ. வெளியிட்டதாகவோ, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் மேற்பார்வையில் உள்ள பொருள் சந்தை வெளியிட்டதாகவோ இருக்க வேண்டும். அப்படி வந்த மதிப்பிலும் முழுத்தொகை கிடைக்காது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

இந்த விதிகள் வரைவாக வந்தபோது தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சிறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கடன் கிடைப்பது கடினமாகிவிடும் என்பதுதான் கவலை, அது நியாயமான கவலையும்கூட. அந்தச் சத்தத்தில் 30 நாள் சராசரி பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசுவதற்கு அதில் புதிதாக எதுவும் இருக்கவில்லை. நகைக்கடன் உலகில் பத்தாண்டுக்கும் மேலாகப் பழகிப்போன கணக்கு அது.

அந்தக் கணக்கு என்ன வேலை செய்கிறது என்பதை நான் உணர்ந்தது தங்கத்தைப் பார்த்து அல்ல. கிரிப்டோ உலகில் 'டிஃபை' என்று அழைக்கப்படும் பரவலாக்கப்பட்ட நிதித் தளங்களில் 2020 முதல் நடந்துவரும் விலைத் திருகல்களைப் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். கோடிக்கணக்கான டாலர் பறிபோன பல சம்பவங்களில் கடவுச்சொல் திருடப்படவில்லை, பூட்டும் உடைக்கப்படவில்லை. ஈடு வைத்த பொருளுக்கு எந்த விலையை நம்புவது என்ற கேள்விக்குத் தளத்தை எழுதியவர்கள் அலட்சியமாகப் பதில் எழுதியிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகவே பணம் போனது.

டிஃபை தளம் என்பது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் தானாக ஓடும் நிரல். மேலாளர் இல்லை, கிளை இல்லை, வாடிக்கையாளர் பெயர்கூடத் தேவையில்லை. ஒருவர் தன்னிடம் உள்ள டோக்கனை ஈடாக வைத்தால், அதன் மதிப்பில் ஒரு பங்கை நிரல் கடனாகக் கொடுக்கும். மதிப்பு சரிந்தால் ஈட்டை அதுவே விற்றுவிடும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நகை மூழ்கிப்போகும். இது ஏதோ தொலைதூரத்து விவகாரம் இல்லை. இந்தத் தளங்கள் பல ஓடும் பாலிகான் வலையமைப்பை உருவாக்கியதில் ஜெயந்தி கனானி, சந்தீப் நயில்வால், அனுராக் அர்ஜுன் என்ற இந்தியர்களுக்கு முதன்மைப் பங்குண்டு. போரூர், ராமாபுரம் பக்கம் மென்பொருள் வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் பேசினால், இப்படி ஏதாவது ஒரு தளத்தில் கொஞ்சம் பணம் போட்டுவைத்திருப்பவரைச் சந்திப்பது அரிதல்ல.

நிரலுக்கு ஒரு குறை உண்டு. பிளாக்செயினுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு டோக்கனின் விலையை யாராவது அதற்குக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்யும் அமைப்பை ஆரக்கிள் என்கிறார்கள். தொடக்க காலத் தளங்கள் பலவும் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தன. அதே பிளாக்செயினில் இயங்கும் ஒரு பரிவர்த்தனைப் பூலை எட்டிப் பார்த்து, இந்த நொடியில் அங்கே என்ன விலையோ அதையே எடுத்துக்கொண்டன.

அந்தப் பூல் விலையைத் தீர்மானிக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் ஹெய்டன் ஆடம்ஸ் தொடங்கிய யூனிஸ்வாப் பிரபலப்படுத்திய முறை இது. பூலில் இரண்டு பொருள்கள் இருக்கும். இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் தொகை மாறக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஒரு பூலில் 100 டோக்கனும் 10,000 ரூபாயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்குத்தொகை பத்து லட்சம், டோக்கன் விலை 100 ரூபாய். இப்போது ஒருவர் 10,000 ரூபாயைக் கொண்டுவந்து போடுகிறார். பூலில் ரூபாய் 20,000 ஆகிறது. பெருக்குத்தொகை மாறாமலிருக்க டோக்கன் 50 ஆகக் குறைய வேண்டும், ஆகவே அவர் கையில் 50 டோக்கன் வருகிறது. அவர் சராசரியாகக் கொடுத்தது டோக்கனுக்கு 200 ரூபாய். ஆனால் பூலில் இப்போது 50 டோக்கனுக்கு எதிரே 20,000 ரூபாய் நிற்கிறது. எட்டிப் பார்க்கும் ஆரக்கிளின் கண்ணுக்கு விலை 400.

அவர் அந்த 50 டோக்கனைக் கடன் தளத்தில் ஈடாக வைக்கிறார். 400 ரூபாய் வீதம் மதிப்பு 20,000. எழுபத்தைந்து சதவீதம் என்றால் 15,000 ரூபாய் கடன். பூலில் போட்ட 10,000 போக 5,000 லாபத்தோடு அவர் கிளம்பிவிடுவார், ஈட்டை மீட்கத் திரும்பி வரவே மாட்டார். சிறிது நேரத்தில் வேறொருவர் வெளிச்சந்தையில் 100 ரூபாய்க்கு 50 டோக்கன் வாங்கி வந்து பூலில் விற்பார். 5,000 ரூபாய்க்கு வாங்கியதற்கு அவருக்கு 10,000 கிடைக்கும். விலை பழையபடி 100 ஆகிவிடும். கடன் தளத்திடம் மிஞ்சுவது 5,000 ரூபாய் பெறும் டோக்கன், வாராமல் போன 15,000 ரூபாய்க் கடன். நட்டம் 10,000. அதில் பாதி திருகியவருக்கு, பாதி விலையைச் சமன் செய்தவருக்கு. தளத்தில் வட்டிக்காகப் பணம் போட்டிருந்தவர்களின் சேமிப்பு அது.

இதே கணக்கில் 30 நாள் சராசரியைப் போட்டுப் பாருங்கள். 29 நாள் 100 ரூபாய், ஒரு நாள் 400 ரூபாய் என்றால் சராசரி 110. ஐம்பது டோக்கனின் மதிப்பு 5,500, கடன் 4,125. பத்தாயிரம் செலவழித்து நாலாயிரத்துச் சொச்சம் வாங்க யாரும் வர மாட்டார்கள். அடகுக்கடையில் திருடனைப் பிடிப்பதற்காக யாரும் இந்த விதியை எழுதவில்லை, விலை ஏற்ற இறக்கத்திலிருந்து கடன் கொடுப்பவரைக் காக்கவே எழுதினார்கள். ஆனாலும் திருகலுக்கு எதிரான வேலையை அது கூடுதலாகச் செய்துவிடுகிறது. விலையை ஒரு கணம் தூக்கி நிறுத்துவது மலிவு, ஒரு மாதம் தாங்கிப் பிடிப்பதற்கு ஆகும் செலவு எந்த லாபத்தையும் விழுங்கிவிடும்.

இவ்வளவுக்கும் முதலில் பத்தாயிரம் ரூபாய் கையில் இருக்க வேண்டுமே? நிஜத்தில் அது கோடிக்கணக்கில் வருமே? அந்தத் தடையையும் டிஃபை நீக்கிவிட்டது. ஃபிளாஷ் லோன் என்ற கடனுக்கு ஈடு வேண்டாம், ஜாமீன் வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கி, அதற்குள்ளேயே திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டாவிட்டால் அந்தப் பரிவர்த்தனை முழுவதும் நடக்காததாக ஆகிவிடும், கொடுத்தவருக்கு நட்டமில்லை. 2020 ஜனவரியில் ஆவே தளம் இதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அடுத்த மாதமே விளைவு தெரிந்தது.

2020 பிப்ரவரியில் பிஇசட்எக்ஸ் என்ற தளம் நான்கு நாள்களுக்குள் இருமுறை அடி வாங்கியது. முதல் முறை ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் 10,000 கடன் வாங்கிய ஒருவர், அந்தத் தளத்தையே ஒரு சிறிய பூலில் மிக அதிக விலைக்கு பிட்காயின் டோக்கன் வாங்க வைத்து, ஏறிய விலையில் தன் சரக்கை விற்றார். இரண்டாவது முறை நடந்தது நாம் மேலே போட்ட கணக்கின் நேர் வடிவம். 7,500 ஈதர் ஃபிளாஷ் லோன். அதில் ஒரு பகுதியைக் கொண்டு, ஒரு டாலருக்கு நிற்க வேண்டிய எஸ்-யுஎஸ்டி என்ற டோக்கனை வாங்கித் தள்ளி அதன் விலையை ஏறக்குறைய இரண்டு டாலராக்கினார். அதை ஈடாக வைத்து ஈதர் கடன் வாங்கினார். ஃபிளாஷ் லோனைக் கட்டிவிட்டு 2,378 ஈதரோடு போய்விட்டார். அன்றைய மதிப்பில் ஆறு லட்சம் டாலருக்கு மேல். எல்லாம் ஒரே பரிவர்த்தனையில் முடிந்தது. காவலுக்கு ஆள் இருந்திருந்தாலும் பார்த்துத் தடுக்க இடைவெளியே இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹார்வெஸ்ட் ஃபைனான்ஸ் சுமார் 3.4 கோடி டாலரை இழந்தது. அடுத்த அக்டோபரில் கிரீம் ஃபைனான்ஸ் சுமார் 13 கோடி டாலர். நுணுக்கங்கள் வேறு வேறு, அடிப்படை ஒன்றே: கணக்கிடும் அந்த ஒரு நொடியில் விலை பொய்யாக இருந்தால் போதும்.

மாங்கோ மார்க்கெட்ஸ் கதையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் ஃபிளாஷ் லோன் இல்லை, ஆரக்கிள் பழுதும் இல்லை. சொலானா பிளாக்செயினில் இயங்கிய இந்தத் தளத்துக்கு எம்என்ஜிஓ என்ற சொந்த டோக்கன் ஒன்று இருந்தது. 2022 அக்டோபர் 11 அன்று ஆவ்ரஹாம் ஐசன்பெர்க் என்ற அமெரிக்கர் இரண்டு கணக்குகளில் தலா 50 லட்சம் டாலரைப் போட்டார். ஒரு கணக்கிலிருந்து 48.3 கோடி எம்என்ஜிஓவுக்கான, விலை ஏறினால் வாங்கியவருக்கு லாபம் தரும் வாயிதா ஒப்பந்தங்களை விற்றார், மறு கணக்கால் அவரே வாங்கினார். விலை டோக்கனுக்கு நாலு சென்ட்டுக்கும் கீழே. பிறகு, மாங்கோவின் ஆரக்கிள் எந்த மூன்று சந்தைகளைப் பார்த்து விலை சொல்லுமோ, அந்த மூன்றிலும் எம்என்ஜிஓவை வாங்கிக் குவித்தார். வாங்குவோர் விற்போர் அதிகம் இல்லாத டோக்கன். அரை மணி நேரத்துக்குள் விலை பல மடங்கு ஏறி, உச்சத்தில் 91 சென்ட்டைத் தொட்டது. வாங்கிய கணக்கில் காகித லாபம் 40 கோடி டாலரைத் தாண்டியது. அந்தக் காகித லாபத்தை ஈடாகக் காட்டி, தளத்தில் மற்றவர்கள் போட்டுவைத்திருந்த சுமார் 11 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைக் கடனாக எடுத்து வெளியேறினார்.

ஆரக்கிள் இங்கே பொய் சொல்லவில்லை. அந்த விலைக்கு அந்தச் சந்தைகளில் உண்மையாகவே கைமாறியது. கடன் கொடுத்த நிரலும் எழுதியபடியே நடந்துகொண்டது. ஒரு நிறுவனம் தன் சொந்தப் பங்கையே ஈடாக ஏற்றுக் கடன் கொடுப்பதுபோல, தளம் தன் சொந்த டோக்கனின் ஏற்றத்தையே ஈடாக ஏற்றதுதான் தவறு. பிறகு நடந்த பேரத்தில் சுமார் 6.7 கோடி டாலரைத் திருப்பித் தந்த ஐசன்பெர்க், செய்தது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம் என்று பகிரங்கமாகவே சொன்னார்.

டிசம்பரில் அவர் கைதானார். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2025 மே மாதத்தில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தவர் நீதிபதி அருண் சுப்ரமணியன். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தெற்காசிய வம்சாவளி நீதிபதி. வாயிதா சந்தை தொடர்பான குற்றச்சாட்டுகளில் அவர் சொன்ன காரணம் இடம் பற்றியது: ஐசன்பெர்க் இதைச் செய்தது போர்ட்டோ ரிக்கோவில் இருந்து, நியூயார்க்கில் வழக்கு நடத்தப் போதிய தொடர்பு இல்லை. தகவல்தொடர்பு வழி மோசடி என்ற குற்றச்சாட்டில் அவர் சொன்னது இன்னும் ஆழமானது. மாங்கோவில் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கடனைத் திருப்பித் தருவேன் என்று வாக்குறுதி தர வேண்டியதில்லை, விலையை ஏற்றக் கூடாது என்ற விதியும் இல்லை. அப்படியானால் அவர் யாரிடம் எந்தப் பொய்யைச் சொன்னார்? அரசுத் தரப்பு அதைக் காட்டவில்லை என்றார்.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அது சரியென்றே படுகிறது. ஆனால் பணம் போட்டவர்கள் பக்கமிருந்து பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. அவர்கள் நிரலை நம்பியது, அதன் ஒவ்வொரு வரியையும் படித்து ஒப்புக்கொண்டதால் அல்ல. கடன் என்றால் ஈடு இருக்கும், ஈடு என்றால் மதிப்பு இருக்கும் என்ற, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை யாரும் நிரலுக்குள் எழுதிவைக்கவில்லை. எழுதாததை நீதிமன்றத்தால் தேடி எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

மேற்பார்வை உள்ள சந்தையில் இதெல்லாம் நடக்காது என்று சொல்வதற்கும் வழியில்லை. 2025 ஜூலை 3 அன்று அமெரிக்க நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீது செபி பிறப்பித்த இடைக்கால ஆணையைப் படித்தால் மாங்கோவின் உருவம் அதில் தெரிகிறது. செபி சொல்லும் குற்றச்சாட்டு இது: வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஆப்ஷன்கள் முடியும் நாளில், காலையில் அந்தப் பங்குகளையும் அவற்றின் வாயிதாவையும் வாங்கிக் குவித்துக் குறியீட்டைத் தாங்கிப் பிடித்தார்கள். அதே வேளையில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை இன்னும் பெரிய அளவில் எடுத்தார்கள். பிற்பகலில் வாங்கியதை விற்றார்கள், குறியீடு இறங்கியது. 2024 ஜனவரி 17 அன்று காலையில் மட்டும் வாங்கியது சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு. பங்கிலும் வாயிதாவிலும் 61.6 கோடி நட்டம், ஆப்ஷனில் 734.93 கோடி லாபம். ஆணையின்படி முடக்க வேண்டிய தொகை 4,843.57 கோடி. ஜேன் ஸ்ட்ரீட் குற்றச்சாட்டை மறுக்கிறது. சந்தைகளுக்கு இடையிலான விலை வேறுபாட்டைப் பயன்படுத்தும் சாதாரண வியாபாரம் என்பது அதன் வாதம். தொகையைக் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது.

வழக்கின் முடிவு எதுவானாலும், அந்த ஆணை காட்டும் சந்தையின் அமைப்பே கவலை தருகிறது. ஆழமில்லாத ஒரு சந்தையின் விலை, அதைவிடப் பல மடங்கு பெரிய இன்னொரு சந்தையின் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. சிறியதில் நட்டப்பட்டுப் பெரியதில் சம்பாதிக்க இடம் கிடைத்துவிடுகிறது. மாங்கோவின் மூன்று சந்தைகளும் அதன் வாயிதாவும் நின்றதும் இதே உறவில்தான். பங்குகளிலும் வாயிதாவிலும் புழங்கும் பணத்தை விட ஆப்ஷனில் பெருமளவு புழங்கும் நாளில், குறியீட்டின் விலையே ஆரக்கிள் ஆகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் யார் என்பதும் தெரிந்ததே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன், வாயிதாவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வே சொல்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. செபியிடம் ஒவ்வொரு ஆர்டரும் யாருடையது என்ற பதிவு இருக்கிறது, சந்தேகம் வந்தால் பணத்தை நிறுத்திவைக்க அதிகாரம் இருக்கிறது. டிஃபையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் உலகம் முழுக்கப் பார்க்கும்படி பதிவாகிறது, ஆனால் செய்தவர் யாரென்று தெரியாது, நிறுத்துவதற்கும் ஆள் கிடையாது.

நிறுத்த ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2025 மார்ச் 26 அன்று ஹைப்பர்லிக்விட் தளத்தில் ஜெல்லி என்ற சில்லறை டோக்கனில் ஒருவர் விலை இறங்கும் என்று பெரிய பந்தயம் கட்டி, பிறகு தன் ஈட்டை உருவிக்கொண்டார். அந்தப் பந்தயம் தளத்தின் பொதுப் பணத்தின் தலையில் விழுந்தது. உடனே வெளிச்சந்தைகளில் டோக்கன் விலை பல மடங்கு ஏற்றப்பட்டது. ஒரு கட்டத்தில் காகித நட்டம் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் தளத்தை நடத்தும் வேலிடேட்டர்கள் கூடி வாக்களித்து, டோக்கனை நீக்கி, தங்களுக்குச் சாதகமான பழைய விலையில் கணக்கை முடித்தார்கள். பொதுப் பணம் தப்பியது. ஆனால் ஒரு சிலர் கூடி விலையை எழுத முடியும் என்றால் அதை எப்படிப் பரவலாக்கப்பட்டது என்பது என்று பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. நெருக்கடியில் மனிதக் கை தேவைப்படும் என்றால், அந்தக் கை யாருடையது, எப்போது நீளும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நாம் நகையை எடுத்துப்போகும் முன்பே ரிசர்வ் வங்கி விதி எழுதப்பட்டிருக்கிறது, எடுத்துப்போன பிறகு விதி எழுதப்படுவதில்லை.

சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2022 ஏப்ரல் 2 அன்று இன்வர்ஸ் ஃபைனான்ஸ் தளம் சுமார் 1.56 கோடி டாலரை இழந்தது. அது பயன்படுத்தியது காலச் சராசரி விலைதான். ஆனால் சராசரியின் கால அளவு மிகக் குறுகியது, பார்த்த பூலும் ஆழமில்லாதது. அந்தச் சிறிது நேரத்துக்கு விலையைத் தாங்கிப் பிடிக்கும் செலவு, கிடைக்கும் கடனைவிடக் குறைவாக இருந்தது. எத்தனை நாள் சராசரி, எந்தச் சந்தையின் சராசரி என்ற இரண்டும் சேர்ந்தால்தான் காவல். நகைக்கடனில் 30 நாள் காவலாக நிற்பதற்குக் காரணம் தங்கச் சந்தையின் ஆழமும்தான். காட்டுப்பாக்கத்தில் எத்தனை கிலோ வாங்கினாலும் தங்கத்தின் விலை அசையாது. வாங்க ஆளில்லாத டோக்கனுக்கு 30 நாள் சராசரி போட்டாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மறுபக்கம், நீண்ட சராசரிக்கும் ஒரு விலை உண்டு. உண்மையாகவே விலை சரியும்போது அது தாமதமாகத்தான் உணரும். ரிசர்வ் வங்கி விதியில் "இரண்டில் குறைவானது" என்று இருப்பதன் அருமை இங்கேதான். ஏற்றத்தை மெதுவாக நம்புகிறது, இறக்கத்தை உடனே நம்புகிறது.

டிஃபையும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. பல சந்தைகளின் விலையைத் திரட்டித் தரும் செயின்லிங்க் போன்ற ஆரக்கிள்கள் பரவின. ஆவே தன் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு டோக்கனையும் எவ்வளவு வரை ஈடாக ஏற்கலாம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தது. மாங்கோவுக்கு அடுத்த மாதமே ஐசன்பெர்க் ஆவேயின் முந்தைய பதிப்பில் சிஆர்வி டோக்கனைப் பெருமளவில் கடன் வாங்கி விற்றபோது, தளத்துக்கு நேர்ந்த வாராக்கடன் சுமார் 16 லட்சம் டாலரோடு நின்றது. அதன் பிறகு சிறிய டோக்கன்கள் பலவற்றை ஈடாக ஏற்பதை ஆவே நிறுத்திவைத்தது.

நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடியில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய நீதிபதி வி. ராமசுப்ரமணியன். 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இன்னொரு படி முன்னே போனார். வசீர்எக்ஸ் பரிவர்த்தனைத் தளத்திலிருந்து 2024 ஜூலையில் 23 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டபோது, அந்தத் திருட்டில் சம்பந்தப்படாத எக்ஸ்ஆர்பி காசுகளை வைத்திருந்த ஒருவரின் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் நிலை. கிரிப்டோ சொத்து என்பது நாணயம் அல்ல, தொட்டுணரும் பொருளும் அல்ல, ஆனாலும் அது சொத்து, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த முதலீட்டாளரின் பணத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பும் தந்தது.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் விலைத் திருகலில் இழந்தவருக்கு இது பாதி வழிதான் உதவும். இழந்தது சொத்து என்று நிரூபித்துவிடலாம். அதை எடுத்தது குற்றம் என்று எந்தப் பிரிவில் நிரூபிப்பது? சந்தை மோசடிக்கு எதிரான செபியின் 2003 விதிகள் பங்கு, பத்திரம் சார்ந்தவை, டோக்கன்கள் அதற்குள் வரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைப் பெரிதும் சார்ந்தவை. அனுமதியே தேவையில்லாத தளத்தில் அதை எப்படிப் பொருத்துவது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலுக்கு ஏமாற்றப்பட்ட 'நபர்' ஒருவர் வேண்டும். நிரல் நபர் அல்ல. பதிவு பெறாத குழுவும் நபரே என்று அந்தச் சட்டத்தின் வரையறை சொல்வதால், டோக்கன் வைத்திருப்போரின் கூட்டத்தை அதற்குள் கொண்டுவர ஒரு வழக்கறிஞர் முயலலாம். அங்கேயும் அருண் சுப்ரமணியன் கேட்ட கேள்வி காத்திருக்கும்: அவர்களிடம் சொல்லப்பட்ட பொய் எது? என் பார்வையில், பொய்யைத் தேடும் பிரிவுகளால் இதைப் பிடிக்க முடியாது. கடன் பெறும் நோக்கத்தில் ஈட்டுப் பொருளின் விலையைச் செயற்கையாக மாற்றுவதே குற்றம் என்று, பொருள் எதுவாக இருந்தாலும் செல்லும்படி, தனியாக எழுத வேண்டும்.

அது எழுதப்படும்வரை பணம் போடுபவர் தாமே பார்க்கக் கூடியவை சில உண்டு. டிஃபையின் உண்மையான பெருமை அதன் கணக்குப் புத்தகம் திறந்தே கிடப்பது. தளம் எந்த ஆரக்கிளைப் பார்க்கிறது, அது ஒரு பூலா பல சந்தைகளா, விலை நொடி விலையா சராசரியா என்பதெல்லாம் அதன் ஆவணத்திலும் நிரலிலும் இருக்கும். தன் சொந்த டோக்கனை ஈடாக ஏற்கும் தளம் என்றால் அங்கேயே நின்றுவிடலாம். ஏற்கவில்லை என்றால் அடுத்து இரண்டு எண்களை எடுக்க வேண்டும். ஈடாக ஏற்கப்படும் ஒவ்வொரு டோக்கனுக்கும் தளம் வைத்திருக்கும் உச்சவரம்பு ஒன்று, அந்த டோக்கன் கைமாறும் சந்தையில் உண்மையாகக் கிடக்கும் பணம் மற்றொன்று. பூலில் இருபது லட்சம் டாலர்தான் இருக்கிறது, அதன் நொடி விலையை நம்பித் தளம் ஒரு கோடி டாலர் வரை கடன் கொடுக்கும் என்றால், 100 ரூபாய் டோக்கனை 400 ஆக்கிய கணக்கை அங்கே யாராவது ஏற்கெனவே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.